சண்டை விளையாட்டுக்கு ஆர்கேட் ஸ்டிக்: மட்டக்களப்பில் நீங்களே செய்து முடிக்க

ஆர்கேட் ஸ்டிக், அதாவது பழைய விளையாட்டு இயந்திரம் மாதிரி லீவரும் பட்டனும் உள்ள கொன்ட்ரோலர் பெட்டி, ஒன்று வேண்டும் என்று தேடத் தொடங்கினால் முதலில் கண்ணில் படுவது விலைதான். ஹோரி, கன்பா போன்ற கம்பனிகளின் நல்ல மொடல் ஒன்றின் டொலர் விலையை ரூபாவாக்கி, அனுப்பும் கூலியும் சுங்க வரியும் சேர்த்துப் பார்த்தால் ஆள் அந்த ஆசையையே விட்டுவிடுவார். ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது என்ன? ஒரு லீவர், பத்துப் பட்டன், விரல் நீளத்தில் ஒரு சின்ன மின்சுற்றுப் போர்ட், கொஞ்சம் வயர். மிச்சமெல்லாம் காற்று. பாரமானதும் கொண்டுவரக் காசு பிடிப்பதும் பெட்டிதான். அந்தப் பெட்டியை இங்கே எந்தத் தச்சுப் பட்டறையிலும் செய்விக்கலாம்.

ஆகவே என் கணக்கு இப்படி: லீவர், பட்டன், வயர் டெர்மினல் மூன்றையும் பார்சலில் எடுங்கள். போர்டைக் கொழும்பில் எடுங்கள். மீதி எல்லாம் கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கிடைக்கும். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆட்களுக்கும் இதே கணக்குத்தான்.

தொடங்கும் முன் ஒன்று. ஸ்டிக் வந்தால் கை தானாகத் தேறிவிடாது. பெரிய போட்டிகளில் சாதாரண கொன்ட்ரோலரோடு வந்து வெல்கிறவர்கள் இருக்கிறார்கள். கட்டைவிரல் நோகிறது, கால்வாசி வட்டமாகத் திசையைச் சுழற்றும் அசைவு சரியாக விழவில்லை, பட்டனைப் பல விரலால் அடிக்க ஆசை என்றால் ஸ்டிக் உதவும். ஸ்ட்ரீட் ஃபைட்டர், கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் மாதிரி ஆறு அல்லது நான்கு பட்டன் விளையாட்டு, டெக்கன் மாதிரி நான்கு கைகாலுக்கு நான்கு பட்டன் உள்ள விளையாட்டு, எல்லாவற்றுக்கும் இந்தப் பெட்டி ஒன்றே போதும்.

## எங்கே, எப்படி உட்காருவீர்கள்?

அளவு எடுக்கும் முன் இதை முடிவு செய்ய வேண்டும். மேசையில் வைத்து விளையாடுகிறவருக்குப் பெட்டி சின்னதாக இருக்கலாம். அகலம் 32 செ.மீ., ஆழம் 22 செ.மீ. போதும். கதிரையில் இருந்து மடியில் வைக்கிறவருக்கு அகலம் 40 செ.மீ. ஆவது வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு தொடைக்கும் நடுவில் பெட்டி விழுந்துகொண்டே இருக்கும். நம்மில் பாதிப் பேர் பாயில் சப்பாணி கட்டி உட்கார்ந்து டீவியைப் பார்த்து விளையாடுகிறவர்கள். அவர்களுக்கும் மடி அளவுதான் சரி. ஆனால் பெட்டியின் உயரம் கூடினால் தோள் தூக்கிக்கொள்ளும். அரை மணியில் கழுத்து பிடிக்கும். வெளி உயரம் 7.5 செ.மீ. தாண்ட விடாதீர்கள்.

உள்ளே குறைந்தது 5 செ.மீ. இடம் இருக்க வேண்டும். லீவரின் அடிப்பாகமும் அதற்குக் கீழே வளையும் வயரும் அந்த இடத்தைக் கேட்கும். பட்டன் வரிசைக்கு முன்னால், உங்கள் பக்கம், உள்ளங்கை வைக்க 8 முதல் 10 செ.மீ. வெறும் பலகை விடுங்கள். மலிவு ஸ்டிக்குகளில் அநேகமாக இந்த இடம்தான் இருக்காது. மணிக்கட்டு விளிம்பில் தொங்கும்.

பாரம் நல்லது. மூன்று கிலோ அளவில் இருந்தால் லீவரை அடித்து இழுத்தாலும் பெட்டி அசையாது. போதாவிட்டால் உள்ளே ஓரத்தில் ஓர் இரும்புப் பட்டை வைத்து இறுக்கலாம். வயருக்கும் போர்டுக்கும் அது தொடாமல் பார்க்க வேண்டும்.

## சாமான் வாங்குவது

லீவர். ஜப்பான் சன்வாவின் ஜேஎல்எஃப் தான் உலகம் முழுக்கப் பழக்கமானது. 35 மி.மீ. உருண்டை, மெல்லிய ஸ்பிரிங், ஐந்து ஊசிச் சொக்கட் ஒன்று. சைமிற்சு எல்எஸ்-32 கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். கொரிய லீவர்கள் வேறு சாதி: ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் வளையம் தண்டை நடுவுக்கு இழுக்கும். டெக்கனில் பின்னால் துள்ளித் துள்ளி நகர்கிறவர்களுக்கு அது பிடிக்கும். முதல் ஸ்டிக் என்றால் ஜேஎல்எஃப் அளவிலேயே நில்லுங்கள், ஏனென்றால் மற்றப் பாகங்கள் எல்லாம் அந்த அளவுக்குத்தான் கிடைக்கின்றன. சீன நகல் லீவர்களும் அதே துளை அளவில் வருகின்றன. காசு இல்லாவிட்டால் இப்போது நகலைப் போட்டு, பிறகு அசலுக்கு மாற்றலாம். பெட்டியில் கை வைக்கத் தேவையில்லை. நகலை அசல் விலைக்கு வாங்கிவிடாமல் இருந்தால் சரி. விற்பனைப் பக்கத்தில் 'சன்வா மாதிரி' என்று இருந்தால் அது சன்வா இல்லை.

பட்டன். சண்டைக்கு எட்டு, 30 மி.மீ.; ஸ்டார்ட், செலக்ட்டுக்கு இரண்டு, 24 மி.மீ. சன்வா ஓபிஎஸ்எஃப்-30 அமுக்கினால் உட்காரும் வகை, ஓபிஎஸ்என்-30 நட்டுப் போட்டு இறுக்கும் வகை. நான் சொல்லும் தடிப்புப் பலகைக்கு அமுக்கும் வகையே போதும். இரண்டு பட்டன் கூடுதலாக எடுத்து வையுங்கள். ஒரு பட்டன் பழுதாகி அதற்காக இன்னொரு பார்சலுக்குக் காத்திருப்பது வீண்.

டெர்மினல். பட்டனின் காலில் செருகும் தகரக் கவ்வி இது. சன்வா, சைமிற்சு பட்டன்களுக்கு 2.8 மி.மீ. அளவு வேண்டும். இங்கே வாகன வயரிங் கடையில் கேட்டால் எடுத்துத் தருவது அநேகமாக 6.3 மி.மீ.; அது ஆட்டோவின் ஹோர்னுக்குச் சரி. குறட்டால் நசுக்கிச் சின்னதாக்கிப் போடலாம் என்று தோன்றும். ஒரு மாதத்தில் கழன்று, நடுச் சண்டையில் ஒரு பட்டன் வேலை செய்யாமல் போகும். பட்டனோடு சேர்த்து ஓடர் பண்ணுங்கள்.

போர்ட். மலிவில் 'சீரோ டிலே' என்ற பெயரில் வயரோடு சேர்த்து ஒரு போர்ட் விற்கிறார்கள். பெயரில் தாமதம் இல்லை, போர்டில் இருக்கிறது. பழைய விளையாட்டுகளுக்குப் பரவாயில்லை. அதைவிட ராஸ்பெரி பை பைக்கோ எடுங்கள். 2021இல் 4 டொலருக்கு வெளிவந்த சின்னக் கட்டை. 51 க்கு 21 மி.மீ. அதில் ஜிபி2040-சிஇ என்ற இலவசத் திறந்த மூல மென்பொருளைப் போட்டால் யூ.எஸ்.பி. வழியாக விநாடிக்கு ஆயிரம் தடவை நிலையைச் சொல்லும்; தாமதம் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. கடையில் விற்கும் எத்தனையோ விலையுயர்ந்த ஸ்டிக்கைவிட இது வேகம். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு யாராவது போகும்போது சொல்லிவிடலாம், அல்லது உள்ளூர்க் கூரியரில் எடுக்கலாம். ஊசி ஒட்டிய பைக்கோவும், அதைச் செருகும் ஸ்குரூ டெர்மினல் தட்டும் சேர்த்து எடுத்தால் ஈயம் ஒட்டும் வேலையே இல்லை.

வெளிநாட்டு ஓடர் எல்லாவற்றையும் ஒரே கடையில், ஒரே பார்சலாகப் போடுங்கள். 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம். அதோடு சுங்கமும் கையாளும் கூலியும் பார்சலுக்குப் பார்சல் சேரும். பில்லின் பிரதி ஒன்று கையில் இருக்கட்டும்.

## பெட்டி

மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை வழவழப்பாக இருக்கும், வெட்டவும் இலேசு. ஆனால் வாவிக் காற்றும் கடல் காற்றும் சேர்ந்து அடிக்கும் நமது ஊருக்கு அது தோதில்லை. கார்த்திகை, மார்கழி மழையில் ஈரம் குடித்து விளிம்பு ஊதும். ஊதினால் பட்டன் துளை கோணும். நல்ல பிளைவூட் எடுங்கள். கட்டில் அலுமாரி செய்யும் பட்டறைகளில் ஒரு ஸ்டிக்குக்குப் போதுமான வெட்டுத் துண்டு மூலையில் கிடக்கும். கேட்டால் சும்மாவே தருவார்கள். பக்கப் பலகைக்குத் தேக்கு அல்லது மகோகனிக் கீலம் கிடைத்தால் பெட்டி வடிவாக இருக்கும், பாரமும் வரும்.

மேல்தட்டு 12 மி.மீ. பிளைவூட், அதன்மேல் 3 மி.மீ. அக்கிரிலிக். பக்கங்கள் 12 முதல் 18 மி.மீ. அடித்தட்டு 6 மி.மீ. போதும். அடித்தட்டைப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். ஸ்குரூதான். இந்தப் பெட்டியைப் பலமுறை திறக்க வேண்டிவரும்.

### துளை வரைவது

பட்டன் எங்கே வரவேண்டும் என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை. ஜப்பானிய ஆர்கேட் இயந்திரங்களில் பழகிய ஒழுங்குகள் இருக்கின்றன. இன்று பெரும்பாலான ஸ்டிக்குகளில் இருப்பது டைட்டோவின் வியூலிக்ஸ் இயந்திர ஒழுங்கு. மேலே நான்கு, கீழே நான்கு; முதல் நிரல் மட்டும் சற்றுக் கீழே இறங்கியிருக்கும், ஏனென்றால் ஆட்காட்டி விரல் நடுவிரலைவிடக் கட்டை. அடுத்தடுத்த நிரல்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையில் சுமார் 36 மி.மீ. இந்த ஒழுங்கின் வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

அதைக் கொமினிகேஷன் கடையில் அச்செடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. கடைக்காரர் பழக்கத்தில் தாளுக்குப் பொருந்துமாறு சுருக்கி அடித்துவிடுவார். நூறு வீதத்தில் அடிக்கச் சொல்லுங்கள். வந்த தாளில் ஒரு பட்டன் வட்டத்தை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள், 30 மி.மீ. இல்லாவிட்டால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுங்கள். சரியான தாளைப் பலகையில் ஒட்டி அதன்மேல் கையை வைத்துப் பாருங்கள். விரல் நீளமானவர், குட்டையானவர் என்று கொஞ்சம் முன்பின் நகர்த்த வேண்டியிருக்கலாம். பலகையில் கூர் ஆணியால் நடுப்புள்ளி குத்தும்வரை எல்லாவற்றையும் மாற்றலாம்.

### துளை வெட்டுவது

வட்டத் துளை வெட்டும் ஹோல் சோ 30 மி.மீ. அளவில் தேடுங்கள். ஹாட்வெயார் கடையில் தொகுதியாக விற்பதில் 29 அல்லது 32 தான் இருக்கும். 32 வேண்டவே வேண்டாம்: பட்டனின் வெளி விளிம்பு 33 மி.மீ. அளவுதான், பிடிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. 29ஐ எடுத்து, சாண்ட் பேப்பரைப் பைப்புத் துண்டில் சுற்றி உள்ளே தேய்த்து ஒரு மி.மீ. பெருக்கலாம். எட்டுத் துளைக்கும் ஒரு பின்னேரம் போகும். எதுவானாலும் முதலில் கழிவுத் துண்டு ஒன்றில் ஒரு துளை போட்டு, பட்டனை அமுக்கிப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்த 'டக்' என்று இறங்கி, பலகையைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாமல் இருந்தால் அளவு சரி. தடித்த பலகையில் பட்டனின் பக்கக் கொளுக்கிகள் விரிய இடமில்லை. துளைச் சுவரை நெருக்கிக்கொண்டுதான் பட்டன் நிற்கும். ஆகவே துளை தளர்ந்தால் எல்லாம் போச்சு.

ட்ரில் பழக்கமில்லாவிட்டால் பட்டறைக்கே கொண்டுபோங்கள். ஆரையம்பதிப் பக்கம் ஒரு பட்டறையில் நான் கேட்ட கதை:

"என்ன மனே இது? கோழிக்குஞ்சு அடைக்கவா இத்தனை ஓட்டை?"

"விளையாட்டுப் பெட்டி அண்ணன். கொம்பியூட்டருக்கு."

"மேலால முழுக்க ஓட்டினா அடிப்பக்கம் பிஞ்சிரும் கா. நடுக்கம்பி அங்கால முட்டின உடன நிப்பாட்டணும். திருப்பிப் போட்டு, மறுகா மற்றப் பக்கத்தால ஓட்டணும்."

அவர் சொன்னதைவிட நல்ல முறை இல்லை. நடுக்கம்பி போட்ட சின்னத் துளை மறுபக்கத்துக்கு வழி காட்டும்; இரண்டு பக்க வெட்டும் நடுவில் சந்திக்கும்; இரண்டு முகமும் சுத்தமாக இருக்கும். அவசரத்தில் ஒரே பக்கத்தால் ஓட்டினால் பிளைவூட்டின் கடைசித் தாள் நார் நாராகக் கிழியும்.

அக்கிரிலிக்கைக் கையால் வெட்டுவது வயிற்றைக் கலக்கும் வேலை. பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் லேசர் வெட்டு இருந்தால் அதே வரைபடத்தைக் கொடுத்து வெட்டுவியுங்கள். கையால்தான் என்றால் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை உரிக்காமல், இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கி, ட்ரில்லை மெதுவாக ஓட்டுங்கள். வேகம் கூடினால் அக்கிரிலிக் உருகி ஒட்டும், அழுத்தம் கூடினால் வெடிக்கும்.

### லீவரை உட்கார வைப்பது

புதிதாகச் செய்கிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 12 மி.மீ. பலகைக்கு அடியில் லீவரை அப்படியே இறுக்கினால், மேலே அக்கிரிலிக்கும் சேர்த்து 15 மி.மீ. தண்டு பலகைக்குள்ளேயே போய்விடும். மேலே குட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் உருண்டையைப் பிடிக்க விரல் பலகையில் உரசும். ஆகவே லீவரின் தகட்டைப் பலகையின் அடிப்பக்கத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அந்த இடத்தை மட்டும் ரூட்டர் இயந்திரத்தால் குடைய வேண்டும், 5 மி.மீ. பலகை மிஞ்சினால் போதும். ரூட்டர் இல்லாத பட்டறையில் உளியால் குடைந்து தருவார்கள். தண்டு வர நடுவில் 24 மி.மீ. துளை. தண்டில் கோர்க்கும் வட்டத் தூசித் தட்டு அதை மூடிவிடும்.

இறுக்க எம்4 போல்ட் நான்கு. தலை பலகைக்குள் அமிழும் வகையாக இருந்தால் மேலே அக்கிரிலிக் வந்து மூடும். வெளியே ஒரு ஸ்குரூத் தலையும் தெரியாது.

ஸ்டார்ட், செலக்ட் பட்டன்களை மேல்தட்டில் வைக்காதீர்கள். பின்பக்கமோ வலது பக்கமோ போடுங்கள். சண்டை நடுவில் கை பட்டு ஆட்டம் நின்றால் போட்டியில் அந்தச் சுற்றே பறிபோகலாம். வயர் வெளியே வர, பின்பலகையில் 24 மி.மீ. துளையில் உட்காரும் யூ.எஸ்.பி. சொக்கட் விற்கிறார்கள். அதைப் போட்டால் கேபிளைக் கழற்றி வைக்கலாம். யாராவது கால் தடக்கினாலும் பைக்கோவின் மெல்லிய சொக்கட் பிய்ந்து வராது.

அடியில் ஒட்ட, சப்பாத்துத் தைப்பவரிடம் அடித்தோல் ரப்பர் தகடு ஒரு துண்டு வாங்குங்கள். மேசையிலும் வழுக்காது, மடியிலும் உறுத்தாது.

## படம்

ஆட்டோவுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடைகளுக்கு இது சின்ன வேலை. படத்தை 300 புள்ளி அடர்த்தியில், பெட்டியைவிட ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. கூட்டிக் கொடுங்கள். வினைல் தாளில் அடித்து, மங்கல் லேமினேட் போடச் சொல்லுங்கள். பளபளப்பு லேமினேட் வியர்வையில் கையோடு ஒட்டும், டியூப் லைட் வெளிச்சமும் கண்ணில் அடிக்கும். பிளைவூட்டில் வினைலை ஒட்டி, மேலே அக்கிரிலிக்கைப் போட்டால் படம் தேயாது. சாதாரணக் கடதாசியில் அடித்த படத்தை அக்கிரிலிக்குக்குக் கீழே வைத்தால் முதல் மாரியிலேயே அலை அலையாக எழும்பும். துளை இருக்கும் இடத்தில் ஒட்டிய பிறகு கூர்க் கத்தியால் வெட்டுங்கள்.

## வயர்

இதைக் கண்டுதான் ஆட்கள் பயப்படுகிறார்கள். உண்மையில் இலேசான பகுதி இதுதான். ஒவ்வொரு பட்டனிலும் இரண்டு கால். ஒன்று தரைக் கம்பிக்கு (கிரவுண்ட்), மற்றது போர்டின் ஓர் ஊசிக்கு. எந்தக் கால் எதற்கு என்ற பேதம் இல்லை. பட்டனை அமுக்கினால் அந்த ஊசி தரையோடு சேர்கிறது. பைக்கோ அதைப் பட்டன் அமுக்கியதாக எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான்.

தரைக் கம்பியைப் பட்டனுக்குப் பட்டன் தனித்தனியாகப் போர்டுக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. ஒரே கம்பியில் வரிசையாக டெர்மினல்களைக் கோர்த்து, ஒரு பட்டனில் இருந்து அடுத்ததற்குத் தாவவிட்டு, கடைசி முனையை மட்டும் பைக்கோவின் தரை ஊசியில் கொடுங்கள். தரைக்குக் கறுப்பு, மற்றதற்கு வேறு நிறங்கள் என்று முதலிலேயே பிரித்துக்கொண்டால் பிறகு பிழை தேடும்போது உங்களுக்கே நன்றி சொல்வீர்கள். நெட்வேர்க் கேபிளின் உள்வயர் சும்மா கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். பெரும்பாலும் அது ஒற்றைக் கம்பி. சில தடவை வளைத்தால் முறியும். பல இழை வயர் எடுங்கள்.

டெர்மினலை வயரில் நசுக்குவதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். வயர் முனையில் 4 மி.மீ. அளவு தோலை உரித்து, இழைகளை விரலால் ஒருமுறை முறுக்குங்கள். டெர்மினலின் வாலில் இரண்டு சோடிச் செவிகள் இருக்கும். முன்சோடி வெறும் செம்பைப் பிடிக்க, பின்சோடி தோலோடு சேர்த்து வயரைப் பிடிக்க. முன்சோடி தோலைப் பிடித்தால் மின் போகாது. பின்சோடி செம்பைப் பிடித்தால் இழுபட்ட உடனே முறியும். நசுக்கிய பிறகு ஒருமுறை நன்றாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் இப்போதே வரட்டும்.

ஜிபி2040-சிஇ பைக்கோவுக்கு வைத்திருக்கும் வழமையான ஒழுங்கு இது:

- லீவர்: மேல் 2, கீழ் 3, வலம் 4, இடம் 5
- பட்டன் மேல்வரிசை, இடமிருந்து வலம்: 10, 11, 12, 13
- பட்டன் கீழ்வரிசை: 6, 7, 8, 9
- செலக்ட் 16, ஸ்டார்ட் 17

இவை ஜிபிஐஓ எண்கள், அதாவது பைக்கோவின் சமிக்ஞை ஊசிகளுக்கு வைத்த எண்கள். போர்டின் ஓரத்தில் எண்ணி வரும் ஊசி எண்கள் இல்லை. ஜிபிஐஓ 2 என்பது நான்காவது ஊசி. போர்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பார்த்து இணையுங்கள். 5 வோல்ட் வரும் ஊசியைப் பட்டன் எதற்கும் கொடுக்கக் கூடாது. பைக்கோவின் உள்வாய்கள் 3.3 வோல்ட்டுக்குச் செய்தவை. 5 பட்டால் போர்ட் போய்விடும்.

லீவரின் ஐந்து வயரில் ஒன்று தரை, நான்கு திசை. எது எது என்று நிறத்தை நம்ப வேண்டாம். மல்டிமீட்டரைச் சத்தம் போடும் நிலையில் வைத்து, லீவரை ஒவ்வொரு திசைக்கும் தள்ளிப் பாருங்கள். லீவரை இடப்பக்கம் தள்ளினால் அடியில் வலப்பக்கச் சுவிட்ச்தான் அமுங்கும், தண்டு நடுவில் சாய்வதால். பெட்டியைத் தலைகீழாக வைத்து வயர் போடும்போது இந்த இரண்டு திருப்பமும் சேர்ந்து ஆளைக் குழப்பும். பெட்டியை நிமிர்த்தி, மேலே லீவரைத் தள்ளி, மீட்டர் என்ன சொல்கிறதோ அதையே நம்புங்கள்.

## மென்பொருள்

பைக்கோவில் பூட்செல் என்று ஒரு சின்ன வெள்ளைப் பட்டன் இருக்கும். அதை அமுக்கிப் பிடித்தபடி கொம்பியூட்டரில் செருகினால் பென் டிரைவ் மாதிரி ஒரு டிரைவ் வரும். ஜிபி2040-சிஇ பக்கத்தில் இருந்து பைக்கோவுக்கான யூஎஃப்2 கோப்பை இறக்கி அதற்குள் போடுங்கள். டிரைவ் தானாக மறையும், வேலை முடிந்தது.

அமைப்பை மாற்ற, ஸ்டார்ட் பட்டனைப் பிடித்தபடி செருகி, உலாவியில் 192.168.7.1 என்று அடியுங்கள். இணையம் தேவையில்லை; பக்கம் போர்டுக்குள்ளேயே இருக்கிறது. எந்த ஊசிக்கு எந்தப் பட்டன் என்பதை அங்கே மாற்றலாம். வயரில் இடமும் வலமும் மாறிவிட்டால் கழற்றாமல் இங்கேயே திருத்திவிடலாம். கொம்பியூட்டரில் விளையாட எக்ஸ்-இன்புட் நிலையில் வையுங்கள். விளையாட்டுகள் அதை எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலராக எடுத்துக்கொள்ளும்.

பிறகு விண்டோஸின் கேம் கொன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். லீவரின் நான்கு திசை மட்டுமில்லை, நான்கு மூலையும். மூலையில் ஒரு திசை விடுபட்டால் டிராகன் பஞ்ச் மாதிரி அசைவு வராது. கையில் பிழை என்று நினைத்து மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஓர் அமுக்கு இரண்டாக விழுந்தால் முதலில் டெர்மினல் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அமைப்புப் பக்கத்தில் டிபவுன்ஸ் நேரத்தை, அதாவது சுவிட்சின் துள்ளலைப் போர்ட் கணக்கில் எடுக்காமல் விடும் நேரத்தை, கொஞ்சம் கூட்டலாம். கூட்டியும் தீராவிட்டால் சுவிட்சே பழுது.

## கொன்சோல் வைத்திருப்பவர்களுக்கு

பிளேஸ்டேஷன் 4 அங்கீகாரம் கேட்கும் யந்திரம். அந்த அடையாளம் இல்லாத போர்ட் சுமார் எட்டு நிமிடத்தில் துண்டிக்கப்படும். பிளேஸ்டேஷன் 5 இன்னும் இறுக்கம். கொன்சோல்தான் முக்கியம் என்றால் ப்ரூக் கம்பனியின் சண்டைப் போர்ட் அல்லது கொன்வேட்டர் ஒன்று எடுங்கள். பைக்கோவைவிடப் பலமடங்கு விலை. கொம்பியூட்டரில்தான் விளையாட்டு என்றால் அந்தக் காசை லீவரில் போடுங்கள்.

## பிறகு செய்யும் மாற்றங்கள்

ஒரு மாதமாவது விளையாடிய பிறகே எதையும் மாற்றுங்கள்.

முதலில் ஆசை வருவது வேலியில்தான். ஜேஎல்எஃப்பின் அடியில் தண்டின் ஓட்டத்தை அடக்கும் பிளாஸ்டிக் தட்டு சதுரமாக வரும். மூலைகள் தெளிவாகக் கிடைப்பதால் நான் சதுரத்துக்கே வாக்களிப்பேன். கொன்ட்ரோலரின் வட்ட ஸ்டிக்கில் பழகியவர்களுக்கு எண்கோணம் முதல் நாளில் சுகமாக இருக்கும். அடியில் உள்ள கொளுக்கிகளை நகத்தால் நெம்பினால் தட்டு கழன்று வரும், விலையும் குறைவு, இரண்டையும் வைத்து மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

லீவர் நடுவுக்கு மெதுவாகத் திரும்புகிறது என்றால் இறுக்கமான ஸ்பிரிங். அசைவு தூரம் கூட என்றால் சற்றுப் பெரிய அக்சுவேட்டர் (தண்டின் அடியில் சுவிட்சைத் தள்ளும் உருளை). அது சுவிட்சை முன்கூட்டியே தொடும். இரண்டுக்கும் தண்டின் அடியில் இருக்கும் 'ஈ' வடிவ வளையத்தைக் கழற்ற வேண்டும். அது பாய்ந்து போய்க் கட்டிலுக்கு அடியில் மறையும் சாமான். கழற்றும்போது மேலே ஒரு துணியைப் போர்த்துங்கள்.

தண்டும் பிளாஸ்டிக்கும் உரசும் இடத்தில் சிலிக்கன் கிரீஸ் ஒரு பொட்டு போதும். வீட்டில் கைக்கு வருகிறதே என்று தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் பழசாகிப் பிசினாகும், தூசியை இழுக்கும், சில வாரத்தில் லீவர் ஒட்டும்.

இரவில் பக்கத்து அறையில் ஆட்கள் தூங்கினால் பட்டனின் 'டக் டக்' சத்தம்தான் முதல் முறைப்பாடு. பட்டனைக் கழற்றி, அமுக்கும் மூடிக்கு அடியில் மெல்லிய ஃபோம் வளையம் வைத்தால் சத்தம் பாதியாகும். அமுக்கும் ஆழமும் கொஞ்சம் குறையும். சிலருக்கு அதுவே பிடிக்கும்.

லீவரே வேண்டாம், எல்லாம் பட்டன் என்ற வகையும் இப்போது பரவலாக இருக்கிறது. இதே போர்ட், இதே வயர். லீவரின் நான்கு திசைக்குப் பதிலாக நான்கு பட்டன். பெட்டியும் மெல்லியதாகும். ஒரு விஷயம் மட்டும் கவனம்: லீவரால் இடமும் வலமும் ஒரே நேரத்தில் தள்ள முடியாது, பட்டனால் முடியும். அப்போது என்ன நடக்க வேண்டும் என்று அமைப்புப் பக்கத்தில் தெரிவு செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நடுநிலை என்பதைப் போடுங்கள். போட்டிக்குப் போவதென்றால் அந்தப் போட்டியின் விதியைப் பார்த்து மாற்றுங்கள்.

## மழைக்காலப் பராமரிப்பு

ஐப்பசிக்கு முன் ஒருமுறை அடித்தட்டைத் திறவுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொதி இரண்டை உள்ளே ஒட்டுங்கள். பட்டன் கால்களில் பச்சை பிடித்திருந்தால் கொன்டக்ட் கிளீனர் அடித்து டெர்மினலை இரண்டு தடவை செருகிக் கழற்றினால் போகும். யூ.எஸ்.பி. துளை வழியாக எறும்பு உள்ளே போய்க் குடியிருப்பது இங்கே வழமை. விளையாடாத நாளில் அந்தத் துளைக்கு ஒரு துண்டு டேப் போடுங்கள்.

உருண்டை அடிக்கடி தளரும். கையால் மட்டும் இறுக்கினால் தண்டும் சேர்ந்து சுற்றும். அடித்தட்டைத் திறந்தால் தண்டின் அடிமுனையில் ஒரு நீள வெட்டு தெரியும். தட்டை ஸ்குரூ டிரைவரை அதில் வைத்துப் பிடித்தபடி மேலே உருண்டையைச் சுற்றினால் நன்றாக இறுகும். பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோகும்போதும் இதே முறையில் உருண்டையைக் கழற்றி ஒரு சொக்ஸுக்குள் போட்டு வைத்தால் பை மூடும், தண்டும் வளையாது.